சும்மா கிடக்கிற மண்ணா இது?

(வானொலிப் பண்ணைப் பேச்சு)



ஐப்பசி மாதம். நாலைந்து மாசம் மேல்காற்றிலும் வெயிலிலும் காய்ந்து கிடந்த தேரியில் முதல் மழை விழுகிறது. காயாமொழிப் பக்கம் ஓர் ஓலைக் குடிசையில் ஒதுங்கி நின்றோம். கூட நின்ற பனையேறிப் பெரியவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்: “அண்ணாச்சி, இந்த வாசம் மழையோட வாசமா, மண்ணோட வாசமா?”

நல்ல கேள்விதான். சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. ஏன்னா, மழைத் தண்ணீருக்கும் மணம் கிடையாது, கழுவிச் சுத்தம் பண்ணின மணலுக்கும் மணம் கிடையாது. அந்த வாசத்தில் பெரும்பங்கு, மண்ணுக்குள் குடியிருக்கிற கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிருக்குச் சொந்தம். அந்த உயிரும் அதன் இனத்தாரும்தான் காசநோய்க்கு முதல் நல்ல மருந்தைக் கொடுத்தவர்கள். நம்ம தென்னைக்கு வருகிற வாடல் நோய்க்கும் மருந்து கொடுத்தவர்கள். காய்ந்த மண்ணிலும் பாலைவனத்திலும் வாழ்கிற இந்தச் சின்ன உயிர்கள் மனிதனுக்கு என்னென்ன கொடுத்திருக்கின்றன, அவற்றை நாம் எப்படி வைத்துக் காப்பாற்றுகிறோம் என்கிற வரலாற்றைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் நம்ம தேரியைப் பார்ப்போம். ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் பாய்கிற இடமெல்லாம் நெல்லும் வாழையும். அங்கிருந்து தெற்கே சில மைல் நடந்தால் போதும், குதிரைமொழித் தேரி வந்துவிடும். கண்ணுக்கெட்டிய தூரம் செம்மணல் மேடு. பனை, உடை, கொல்லாமரம் தவிர வேறு பச்சை அதிகம் காணாது. வானத்தைப் பார்த்தால் இது பாலைவனம் இல்லை. வடகிழக்குப் பருவமழை இங்கேயும் பெய்கிறது. ஆனால் பெய்த தண்ணீர் மணலில் நிற்காமல் இறங்கிவிடுகிறது. மேல்மண் பாலைவனத்து மண் மாதிரியே காய்கிறது. அந்தச் சிவப்பு, மணல் ஒவ்வொன்றின் மேலும் படிந்திருக்கிற இரும்புத் துருவின் நிறம். 1883இல் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களின் நில அமைப்பைப் பற்றி நூல் எழுதிய புரூஸ் பூட் என்ற துரை இந்தத் தேரிகளைப் பற்றியும் எழுதி வைத்தார். பின்னால் 1956இல் ஸாய்னர், ஆல்ச்சின் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், இந்தத் தேரிகளில் கிடைக்கும் சின்னஞ்சிறு கற்கருவிகளை விவரித்துக் கட்டுரை வெளியிட்டார்கள். ஆக, ஆதிகாலத்து மனிதனே இங்கே பிழைத்திருக்கிறான். ஆனால் நாம் என்ன சொல்கிறோம்? “அது சும்மா கிடக்கிற மண்ணு” என்கிறோம்.

சும்மா கிடக்கவில்லை என்பதற்கு அந்த மழை வாசமே சாட்சி. 1965இல் அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் கெர்பர், லெஷவாலியே என்ற இருவர் இந்த மணத்துக்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்து ‘ஜியோஸ்மின்’ என்று பெயர் வைத்தார்கள். கிரேக்க மொழியில் மண்ணின் மணம் என்று அர்த்தம். ஒரு லட்சம் கோடிப் பங்கில் சில பங்கு கலந்திருந்தாலே நம்ம மூக்கு கண்டுபிடித்துவிடும். குளத்து மீனில் சில சமயம் மண்வாடை அடிக்கிறதே, அதற்கும் இதுவே காரணம். மண்ணில் இதை உண்டாக்குவதில் முக்கியமானது ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்கிற நுண்ணுயிர் இனம். பார்த்தால் பூசணம் மாதிரி நூல் நூலாக வளரும். ஆனால் ஜாதியில் பாக்டீரியா.

இதன் பிழைப்பைக் கொஞ்சம் கேளுங்கள். ஈரமும் தீனியும் இருக்கிறவரை நூலாகப் படர்ந்து, மக்கின இலைதழையைத் தின்று வளரும். தீனி தீர்ந்தது, ஈரம் காய்ந்தது என்று தெரிந்ததும் தலையை மேலே தூக்கி வித்துக் கட்டும். இந்த வித்து நம்ம விதைநெல் மாதிரி. வெயிலிலும் வறட்சியிலும் வருஷக்கணக்காய்த் தூங்கும். மழை கண்டதும் முளைக்கும். ஈரமான வயலில் எல்லா நுண்ணுயிரும் வாழும். மண் காயக் காய மற்றவை செத்துக் குறையும். வித்துக் கட்டத் தெரிந்த இந்த இனத்தின் விகிதம் கூடும்.

இன்னொரு சங்கதி. வித்துக் கட்டும்போது பழைய நூல்கள் தாமாகவே கரைந்து பிள்ளைக்குத் தீனியாகின்றன. அந்தத் தீனியைத் தின்ன அக்கம்பக்கத்துக் கிருமிகள் ஓடிவரும். அவற்றை விரட்டத்தான் இது நஞ்சைக் கக்குகிறது என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு. விளைந்த பயிருக்கு நாம் முள்வேலி கட்டுகிற மாதிரி. அந்த முள்வேலியைத்தான் மனிதன் எடுத்து மருந்தாக்கினான். வாசத்துக்கும் காரணம் உண்டு. மண்ணில் துள்ளித் திரிகிற ஒருவகைப் பொடிப்பூச்சி அந்த வாசம் பிடித்து வருகிறது, தின்கிறது, வித்தை உடம்பில் ஒட்டிக்கொண்டு போய் வேறிடத்தில் சேர்க்கிறது என்று 2020இல் கண்டுபிடித்தார்கள்.

இனி மருந்தின் கதைக்கு வருவோம். 1943ஆம் வருஷம். அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் ஒரு விவசாய ஆராய்ச்சி நிலையம். ஆஸ்பத்திரி இல்லை, விவசாய நிலையம் என்பதைக் கவனியுங்கள். அங்கே மண் நுண்ணுயிர்த் துறையின் தலைவர் செல்மன் வாக்ஸ்மன். அவரிடம் மாணவராக இருந்தவர் ஆல்பர்ட் ஷாட்ஸ். குடியானவக் குடும்பத்துப் பிள்ளை. திரும்பிப் போய் விவசாயம் பண்ணவேண்டும் என்றுதான் மண்ணைப் படிக்க வந்தவர். அந்த வருஷம் அக்டோபரில் இரண்டு இடத்திலிருந்து எடுத்த ஸ்ட்ரெப்டோமைசிஸ், காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்தைத் தந்தது. ஒன்று, நன்றாக எரு போட்ட வயல் மண். இன்னொன்று, ஒரு கோழியின் தொண்டை. அதுதான் ஸ்ட்ரெப்டோமைசின். அதுவரை காசநோய்க்கு நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு என்பவைதான் முக்கிய வைத்தியம். 1952இல் வாக்ஸ்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஷாட்ஸுக்குப் பங்கில்லை. அவர் 1950லேயே வழக்குப் போட்டுத்தான், தானும் கண்டுபிடித்தவன் என்ற பெயரை வாங்கவேண்டியிருந்தது.

அதன் பிறகு உலகமெங்கும் மண்ணைத் தோண்ட ஆரம்பித்தார்கள். மருந்துக் கம்பெனிகள் பாதிரிமார், பயணிகள், யார் ஊருக்குப் போனாலும் ஒரு பொட்டலம் மண் கொண்டுவரச் சொன்னார்கள். நம்ம நாட்டிலும் புனேக்குப் பக்கத்தில் பிம்ப்ரியில் 1954இல் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்ற அரசாங்கக் கம்பெனி தொடங்கியது. அங்கே ஆராய்ச்சியை நடத்தியவர் பூசண இயல் நிபுணர் எம். ஜே. திருமலாச்சார். பிம்ப்ரி மண்ணில் கிடைத்த ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸுக்கு ஊர்ப் பெயரையே வைத்தார்கள். அதிலிருந்து 1961இல் ஹாமைசின் வந்தது. 1964இல் வந்தது ஆரியோஃபங்கின். இதை உண்டாக்குவதும் ஸ்ட்ரெப்டோமைசிஸுக்கு நெருங்கிய சொந்தக்கார மண் நுண்ணுயிர்தான்.

இந்த ஆரியோஃபங்கின்தான் நம்ம தென்னந்தோப்புக்கு வந்தது. 1952இல் தஞ்சாவூர் ஜில்லாவில் தென்னைக்கு ஒரு புது நோய் கண்டது. தூரிலே பட்டை வெடித்து, செம்பழுப்பாய் ஒரு நீர் கசியும். அடிமட்டைகள் மஞ்சளாகித் தொங்கும். வேர் அழுகும். கடைசியில் தூரிலே தட்டுத் தட்டாய்க் காளான் முளைக்கும். காளான் கண்ணுக்குத் தெரிகிறபோது மரம் நம்ம கையை விட்டுப் போயிருக்கும். தஞ்சாவூர் வாடல் என்றே அதற்குப் பெயர் வந்தது. மணற்பாங்கான கரையோரத் தோப்புகளில் இது அதிகம்.

நோயோ மரத்துக்குள்ளே, மேலே தெளித்து என்ன பிரயோஜனம்? அதனால் வேர் வழியாக மருந்து கொடுக்கும் முறையைப் பரிந்துரைத்தார்கள். பென்சில் கனத்தில் உயிருள்ள வேர் ஒன்றைத் தோண்டி, நுனியைச் சாய்வாக வெட்டி, 100 மில்லி தண்ணீரில் 2 கிராம் ஆரியோஃபங்கின்-சால், 1 கிராம் மயில்துத்தம் கரைத்த பிளாஸ்டிக் பையை அந்த வேரில் மாட்டிக் கட்டிவிடுவது. மரம் அதைத் தானே குடித்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இப்படி. அந்த மருந்து பூசணத்தின் தோலில் இருக்கிற ஒரு கொழுப்புப் பொருளைப் பிடித்துக்கொண்டு ஓட்டை போடுகிறது. பூசணம் சத்தெல்லாம் ஒழுகிச் சாகிறது. அதோடு மரத்துக்கு வருஷம் 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கும் வைக்கச் சொன்னார்கள். ஒரு மண்ணில் ஒரு நுண்ணுயிர் தன் வேலிக்காகக் கட்டின முள், நம்ம தோப்பில் இன்னொரு பூசணத்தைக் குத்துகிறது பாருங்க.

இதற்குள் ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஒரு சிக்கல் வந்தது. எரு மண்ணையும் காட்டு மண்ணையும் தோண்டத் தோண்ட, ஏற்கெனவே கிடைத்த மருந்தே மறுபடி மறுபடி கிடைத்தது. ஒரே கிணற்றில் எத்தனை பேர் இறைப்பது? ஆகவே, யாரும் எட்டிப் பார்க்காத பாலைவனத்தின் பக்கம் கண் திரும்பியது. தற்செயலாகவும் சில அங்கே கிடைத்தன.

1976 ஆகஸ்டு. இஸ்ரேல் நாட்டின் நெகேவ் பாலைவனம். யோவெல் மார்கலித் என்ற பூச்சியியல் அறிஞர், வறண்டுபோன ஓர் ஆற்றுப் படுகையில் தேங்கி நின்ற குட்டையைப் பார்க்கிறார். கொசுப்புழுக்கள் செத்து மிதக்கின்றன. யாரும் மருந்து தெளிக்கவில்லை. பின் எப்படிச் செத்தன? அந்தச் சேற்றை எடுத்துப் போய்ச் சோதித்தார்கள். கோல்ட்பர்க் என்பவரும் அவரும் சேர்ந்து 1977இல் முடிவை வெளியிட்டார்கள். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாவின் ஒரு புது வகை அது. இதுவும் வித்துக் கட்டுகிற ஜாதிதான். வித்தோடு கூட ஒரு புரதப் படிகத்தையும் வைக்கிறது. கொசுப்புழு அதைத் தின்றால், அதன் குடலில் படிகம் கரைந்து குடல் சுவரைக் கிழித்துவிடுகிறது. ஆடு மாடு, மீன், மனிதர் யாருக்கும் அதனால் இந்தத் தொந்தரவு இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் ஆற்றோரக் கருப்பு ஈக்களால் மக்கள் கண்பார்வை இழந்துகொண்டிருந்த காலம். அந்த ஈக்கள் ரசாயன மருந்துக்குப் பழகிப்போனபோது, 1980களில் ஆறுகளில் இதைத்தான் தெளித்தார்கள்.

நம்ம பக்கத்திலும் ஆராய்ச்சி நடந்தது. கொசு முதலான பூச்சிகள் பரப்பும் நோய்களை ஆராய 1975இல் புதுச்சேரியில் தொடங்கிய மத்திய நிலையம், இதே வகைப் பாக்டீரியாவை நம்ம மண்ணிலிருந்தே பிரித்தெடுத்து, தயாரிக்கும் முறையைக் கம்பெனிகளுக்குக் கொடுத்தது. தண்ணீர் தேங்கின நெல் வயலிலும் மூளைக்காய்ச்சல் பரப்பும் கொசு முட்டையிடுகிறது என்பது ஆற்றுப் பாசனத்து ஊர்க்காரர்களுக்குத் தெரியாததல்ல.

அடுத்தது எகிப்து. பாலைவனத்தின் நடுவே வாடி நத்ரூன் என்ற இடத்தில் உப்பு ஏரிகள் உண்டு. தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு விளைகிற பாத்தித் தண்ணீர் செக்கச் சிவந்து நிற்கும், பார்த்திருப்பீர்கள். அது உப்பில் வாழும் நுண்ணுயிர்களின் நிறம். அந்த மாதிரி உப்பில்தான் எகிப்தின் நுண்ணுயிரும் வாழ்கிறது. நமக்குக் கருவாடு எப்படிக் காய்கிறது? உப்பு தண்ணீரை இழுத்துவிடுகிறது. அப்படியானால் இந்த நுண்ணுயிர் ஏன் கருவாடாகவில்லை? அதன் உடம்புக்குள் ஒரு பொருள் தண்ணீரைப் பிடித்துவைத்துக் காக்கிறது என்று ஜெர்மனியில் கலின்ஸ்கியும் கூட்டாளிகளும் 1985இல் கண்டு, எக்டோயின் என்று பெயரிட்டார்கள். இன்று தோல் வறட்சிக்கான களிம்பிலும், மூக்கடைப்புக்கான தெளிப்பு மருந்திலும், கண் சொட்டு மருந்திலும் அது சேர்கிறது.

அதைத் தயாரிக்கிற விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். உப்பில் வாழும் இன்னொரு பாக்டீரியாவைக் கடும் உப்புத் தண்ணீரில் வளர்க்கிறார்கள். அது எக்டோயினை உடம்பில் சேர்த்துக்கொள்ளும். பிறகு சட்டென்று உப்புக் குறைந்த தண்ணீரில் விடுகிறார்கள். இனி இது எதற்கு என்று வெளியே கக்கிவிடும். அதை வடித்துக்கொண்டு மறுபடி உப்புத் தண்ணீர். பாக்டீரியா சாவதில்லை, மறுபடி சேர்க்கும், மறுபடி கறக்கலாம். இந்த முறைக்குக் ‘பால் கறத்தல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்!

கடைசியாக, உலகத்திலேயே வறண்ட பாலைவனங்களில் ஒன்று, தென் அமெரிக்காவில் சிலி நாட்டு அட்டகாமா. அங்கே சில இடங்களில் சராசரியாக வருஷத்துக்கு 2 மில்லிமீட்டர் மழைகூடக் கிடையாது. நம்ம தேரியில் ஒரு சாயங்காலத்து மழையே அதைவிடப் பல மடங்கு. அந்த மண்ணில் உயிரே இல்லை என்றுகூட ஒரு சமயம் நினைத்தார்கள். ஆனால் இங்கிலாந்தின் குட்ஃபெல்லோ, ஆலன் புல், சிலியின் அசென்ஹோ முதலியோர் தேடினபோது, அங்கேயும் நம்ம ஸ்ட்ரெப்டோமைசிஸ் உட்கார்ந்திருந்தது. சாக்சா என்ற உப்பு ஏரிப் பக்கத்து மண்ணில் கிடைத்த ஒன்று, சாக்சாமைசின் என்ற புதுப் பொருள்களைத் தந்தது, 2011இல் வெளியிட்டார்கள். சாதாரண மருந்துக்கு மசியாமல் போன சீழ்க்கிருமியைக்கூட அவற்றில் ஒன்று ஆய்வுக்கூடத்தில் அடக்கியது. மருந்துக் கடைக்கு வர இன்னும் வெகுதூரம் இருக்கிறது. ஆனாலும் ஒன்று உறுதியாயிற்று: மனிதன் ஒன்றுமில்லை என்று தள்ளின மண்ணில்தான் புது மருந்து மிச்சமிருக்கிறது.

இவ்வளவு தூரம் போய்த் தேடவேண்டி வந்தது ஏன்? இருக்கிற மருந்தை நாமே மழுங்கடித்துவிட்டதால். இந்த இடத்தில் விவசாயிகளாகிய நமக்கும் பங்கு இருக்கிறது. நெல்லில் பாக்டீரியா இலைக் கருகல் வந்தால் ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்த பொடியைத் தெளிக்கும் பழக்கம் பல வருஷமாக இருந்தது. பரிந்துரைத்தவர்களும் எங்களைப் போன்றவர்களே, அதை ஒளிக்கவில்லை. ஆனால் நாளடைவில் என்ன ஆயிற்று? கருகல் கண்டாலும் தெளிப்பு, காணாவிட்டாலும் தெளிப்பு. பக்கத்து வயல்காரர் அடித்தார் என்று நாமும் அடிப்பது. பூசண நோய்க்கும் அதையே அடிப்பது. அது பூசணத்தைக் கொல்லாது. மண்ணில் இருக்கிற பாக்டீரியாக்களுக்கு மருந்தைப் பழக்கித்தான் விடும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. அமெரிக்காவில் ஆப்பிள், பேரிக்காய்த் தோட்டங்களில் 1950களில் ஸ்ட்ரெப்டோமைசின் அடிக்க ஆரம்பித்தார்கள். 1971லேயே கலிபோர்னியாவில் அந்த நோய்க் கிருமி மருந்துக்கு மசியாமல் போனது. மனிதனின் காசநோயை ஆற்றின மருந்தை இலையில் கொட்டிக் கிருமிக்குப் பாடம் நடத்தினால் நாளைக்கு நம்ம பிள்ளைக்கு ஊசி போடும்போது அது வேலை செய்யவேண்டாமா? இதை யோசித்துத்தான், பயிருக்கு இந்த இரண்டு மருந்தையும் படிப்படியாக நிறுத்த மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் வரைவு ஆணை வெளியிட்டது.

அப்படியானால் கருகலுக்கு என்ன செய்வது? நோயைத் தாங்குகிற ரகமாகப் பார்த்து விதையுங்கள். விதைக்கும்போதே கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து நேர்த்தி பண்ணுங்கள். யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து இடுங்கள். தழைச்சத்து மிஞ்சினால் கருகலும் மிஞ்சும். நாற்று நடும்போது நுனியைக் கிள்ளாதீர்கள்; வெட்டின வாயில்தான் கிருமி நுழைகிறது. நோய் கண்ட வயல் தண்ணீரை அடுத்த வயலுக்குப் பாய்ச்சாதீர்கள். அதற்கும் மேலே போனால், இலையைப் பறித்துக்கொண்டு போய் வேளாண் அலுவலரிடம் காட்டிக் கேளுங்கள். கடைக்காரர் கொடுத்ததை அப்படியே வாங்கி வராதீர்கள்.

தேரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2007இல் தேரி மணலில் இருக்கிற டைட்டானியத்துக்காக ஒரு பெரிய ஆலைத் திட்டம் பேசப்பட்டது. ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள், அது நின்றுபோனது. ஆலை வேண்டுமா வேண்டாமா என்பது வேறு வழக்கு. ஆனால் இரு தரப்பும் கணக்குப் போட்டபோது பனையை எண்ணினார்கள், முந்திரியை எண்ணினார்கள், தாதுவை எடை போட்டார்கள். அந்த மணலுக்குள் தூங்குகிற வித்துகளை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. தரிசு என்று அடங்கலில் எழுதிவிட்டால் அது வெறும் மண்ணாகிவிடாது. உங்கள் வீட்டுப் படித்த பிள்ளைகள் நுண்ணுயிர்ப் படிப்புப் படிக்கிறார்களா? அவர்களிடம் சொல்லுங்கள்: அட்டகாமா வரை போகவேண்டாம், சாத்தான்குளம் பஸ்ஸில் ஏறினால் போதும், ஒரு பொட்டலம் மண் எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போகலாம்.

மழை விட்டதும் அந்தப் பெரியவரிடம் இதில் பாதியைச் சொன்னேன். கேட்டுவிட்டு, காலால் மணலைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தார். “அப்ப நாங்க அம்புட்டுப் பேரும் இதும்மேலதான் நடந்து திரியுதோமாக்கும்!” என்றார். பிறகு தளைநாரை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பனையைப் பார்க்க நடந்தார்.